கழுவிய பிறகும் போகாத வாடை

திருவனந்தபுரத்துச் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்துவிட்டது. கூடவே ஒரு நாற்றமும். அதைப் போக்குவது சுலபம். துடைத்து எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதில்தான் கால் நூற்றாண்டாகச் சிக்கல்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிறது. முந்தின இரவு மத்திக் குழம்பு பரிமாறிய தட்டுகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. கண்ணாடித் தம்ளரில் ஒரு கறை கிடையாது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து கிளம்பி வருவது சாலைக் கம்போளத்து மீன்கடையை மூடிய பிறகு அங்கே மிச்சமிருக்கும் வாடை. தட்டு சுத்தம், தட்டைக் கழுவியவன் அழுக்கு.

கவடியார், பட்டம், கழக்கூட்டம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது புதிய குடும்பப் பிரச்னை. முன்பெல்லாம் டிஷ்வாஷர் என்பது வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீட்டில் அட்டைப்பெட்டியோடு கிடக்கும் பண்டம். இந்தியச் சமையலுக்கு அது ஒத்துவராது, அடிப்பிடித்த கடாய்க்கும் குக்கருக்கும் கை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டார்கள். சிங்க்கில் குவிந்த பாத்திரத்தின் முன்னால் நின்ற நடுத்தர வர்க்கம் அந்தச் சில மாதங்களில் நாடு முழுக்க இந்த இயந்திரத்தைத் தேடி ஓடியது. கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 'கடாய்' என்றே பெயரிட்டு 70 டிகிரிச் சூட்டில் கழுவும் முறையைச் சேர்த்து விற்றன. வேலை இழந்த பெண்களின் கணக்கை அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இந்த இயந்திரம் பிறந்ததும் வேலைக்காரர்கள் மீதான ஒரு சலிப்பில்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற வசதியான சீமாட்டி, தன் அருமையான பீங்கான் தட்டுகளைப் பணியாட்கள் விளிம்பு உடைத்துவிடுகிறார்கள் என்ற எரிச்சலில் தானே ஒரு இயந்திரம் செய்தார். 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பரிசு வாங்கியது. விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை நடந்ததும் அதே கண்காட்சியை ஒட்டித்தான். முதலில் வாங்கியவர்கள் ஓட்டல்காரர்கள். வீடுகளுக்குள் அது நுழைய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

நாற்றத்தின் காரணமும் அந்த அடிப்படையிலேயே இருக்கிறது. இயந்திரம் ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதில்லை. அடியில் உள்ள குழியில் சில லிட்டர் தண்ணீரைத் தேக்கி, அதையே சூடாக்கி, திரும்பத் திரும்ப மேலே அனுப்புகிறது. அதனால்தான் குழாயடியில் கழுவுவதைவிட அதற்குக் குறைவான தண்ணீர் போதும். தட்டிலிருந்து வழிந்த பருக்கையும் முள்ளும் மறுபடி தட்டில் போய் ஒட்டாமல் இருக்க, குழிக்கு மேல் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். அந்தச் சல்லடையை எத்தனை வீடுகளில் கழற்றிப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். கழுவுகிற இயந்திரத்தைக் கழுவ வேண்டும் என்பது பலருக்கும் தோன்றுவதே இல்லை.

கேரளத்துச் சமையல் இந்தச் சல்லடைக்கு என்றே செய்தது போல இருக்கிறது. கறிவேப்பிலை, கடுகு, தேங்காய்த் துருவல், முருங்கைக்காய்ச் சக்கை, மட்டை அரிசியின் பருக்கை, மத்தியின் மெல்லிய முள். இலை சல்லடையின் கண்ணை மூடும், முள் இலையைப் பிடித்து நிறுத்தும், தேங்காய்த் துருவல் இடுக்குகளை அடைக்கும். அதன் மேல் தேங்காய் எண்ணெய் ஒரு பூச்சுப் பூசும். இந்த எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். திருவனந்தபுரத்தில் அந்தக் குளிர் அபூர்வம். ஆனால் டிசம்பர் மாதத்து டெல்லியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்பருகே வைத்து உருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு விஷயம் சொல்லாமலே புரியும். அங்கே வடிகுழாய்க்குள்ளும் அதுதான் நடக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எப்போதும் குறைந்த சூட்டிலேயே இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் இந்தக் கொழுப்பை வருடக்கணக்கில் சேமித்து வைக்கிறார்கள்.

மீனின் விஷயம் தனி. கடல் மீனின் உடலில் உள்ள ஒரு பொருள், மீன் செத்த பிறகு பாக்டீரியாக்களால் ட்ரைமெதிலமைன் என்ற ஆவியாகும் பொருளாக மாறுகிறது. நாம் மீன் நாற்றம் என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். இது காரத் தன்மை கொண்டது. புளிப்பு பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கிவிடும். மீன் குழம்பில் குடம்புளி போடுவதற்கும், மீன் கழுவிய கையில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பதற்கும் வேதியியல் காரணம் இதுவே. டிஷ்வாஷரில் போடும் பொடியோ மாத்திரையோ நல்ல காரம். எண்ணெயைக் கரைக்க அது தேவை. ஆனால் அடங்கிக் கிடந்த மீன் வாடையை அது மறுபடி எழுப்பிவிடும். மீன் தட்டு வைத்த அன்று சலவை முடிந்து கதவைத் திறந்தால் அடிக்கும் வாடைக்குப் பாதிக் காரணம் இந்தப் பொடியேதான்.

பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அடுப்புச் சாம்பல் காரம், அது எண்ணெய்க்கு. புளிச் சக்கை அமிலம், அது களிம்புக்கும் மீன் வாடைக்கும். தேய்க்கத் தேங்காய் நார். இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினார்கள். இயந்திரம் வைத்திருப்பவர்களில் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ரப்பர் சீலில் குடியிருப்பவர்கள் வேறு. கதவைச் சுற்றி ஓடும் அந்தப் பட்டை எப்போதும் ஈரம், அடிக்கடி சூடு. ஸ்லோவேனிய ஆராய்ச்சியாளர்கள் 18 நாடுகளிலிருந்து 189 டிஷ்வாஷர்களின் சீலைச் சுரண்டிப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 62 சதவீத இயந்திரங்களில் பூஞ்சை இருந்தது. அதிகம் கிடைத்தது சூட்டுக்கும் காரத்துக்கும் உப்புக்கும் அசராத ஒரு கறுப்பு ஈஸ்ட். சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்கள் பீதியடைய வேண்டியதில்லை. நுரையீரல் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் உள்ள வீட்டில் சீலைத் துடைப்பது நல்லது. ஆண்டில் பாதி மழையும் மீதி புழுக்கமுமாக உள்ள ஊரில், இயந்திரம் ஓடி முடிந்ததும் கதவை இறுக மூடி வைப்பது பூஞ்சைக்கு வாடகையில்லாமல் வீடு கொடுப்பது.

சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. அதுவும் பெரும்பகுதி காத்திருப்பு. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கீழ்த் தட்டை வெளியே எடுத்தால் அடியில் உருளை வடிவில் சல்லடை தெரியும். பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம் திருகினால் கையோடு வந்துவிடும். பலர் முதன்முதலாக நாற்றத்தின் பிறப்பிடத்தை நேருக்கு நேர் பார்க்கும் தருணம் இது. சல்லடையைப் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கலந்த சுடுதண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி நார் கூடாது. மெல்லிய வலை கிழிந்தால் முள் நேராக மோட்டாருக்குப் போகும். சல்லடை இருந்த குழியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கலாம். வெறுங்கையை உடனே விடாமல் இருப்பது நல்லது. உடைந்த கண்ணாடித் துண்டு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்தது தண்ணீர் பீய்ச்சும் கைகள். அவற்றின் துளைகளில் கடுகு மாட்டியிருக்கும். பல்குத்தும் குச்சியால் நெம்பினால் வந்துவிடும். பிறகு கதவின் கீழ் விளிம்பு. சலவைத் தண்ணீர் எட்டாத இடம் அது. திறந்து பார்த்தால் மாதக்கணக்கான பிசுக்கு கறுப்பாக ஒட்டியிருக்கும். சீலின் மடிப்புகளையும் அந்த விளிம்பையும் சோப்புத் துணியால் துடைத்த பிறகுதான் வினிகருக்கு வேலை. ஒரு கப் வெள்ளை வினிகரை மேல் தட்டில் நிமிர்த்தி வைத்து, வேறு பாத்திரம் எதுவும் இல்லாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஒரு முறை ஓட்ட வேண்டும். மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு மூன்று ஸ்பூன் போட்டாலும் அதே பலன். வாடை பலமாக இருந்தால் அன்றிரவு அடித்தட்டில் ஆப்ப சோடாவைத் தூவி வைத்துக் காலையில் ஒரு குறுகிய சலவை ஓட்டலாம். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை வருவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்வதைத் தவிர அதில் பயன் எதுவும் இல்லை.

ப்ளீச் மட்டும் வேண்டாம். இயந்திரத்தின் உட்புறம் எவர்சில்வர். குளோரின் அதை அரிக்கும். வினிகரோடு ப்ளீச் சேர்ந்தால் வெளிவரும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். வினிகரையும் வாரா வாரம் ஊற்றக்கூடாது. ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும். சல்லடையை வாரம் ஒருமுறையும், வினிகர்ச் சலவையை ஓரிரு மாதத்துக்கு ஒருமுறையும் வைத்துக்கொண்டால் போதும்.

இத்தனைக்கும் பிறகு நாற்றம் அடித்தால், அது மீன் நாற்றமா சாக்கடை நாற்றமா என்று பார்க்க வேண்டும். சாக்கடை என்றால் இயந்திரத்தின் மேல் தப்பில்லை. கழிவுநீர் போகும் ரப்பர் குழாய் தரையில் தொங்கிக் கிடந்தால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். குழாயைச் சிங்க்கின் உயரத்துக்கு வளைத்துக் கட்டினால் தீர்ந்தது. மாதக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு வருகிறவர்களின் வீட்டில் சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் காய்ந்து, சாக்கடையின் வாயு நேராக வீட்டுக்குள் வருவதும் உண்டு. கேரளத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று யோசித்தால் இது சின்ன விஷயம் அல்ல.

தண்ணீர் விஷயத்தில் திருவனந்தபுரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1933இல் திறக்கப்பட்ட அருவிக்கரை குடிநீர்த் திட்டத்திலிருந்து இன்றுவரை நகரம் குடிப்பது கரமனை ஆற்றின் மென்தண்ணீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஓடும் இயந்திரங்களின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்துவிடும். அங்கே அதற்கென்று உள்ள உப்பை நிரப்பாமல் ஓட்டக்கூடாது. இங்கே அந்தக் கவலை குறைவு. இங்கே கவலை எல்லாம் சல்லடையிலிருந்து சுரண்டி எடுத்த அந்த ஒரு பிடி குப்பை. அதை எங்கே போடுவது?

வாழையிலையில் சாப்பிட்டு, இலையை மாட்டுக்கும் எச்சிலைத் தென்னைமரத்தடிக்கும் கொடுத்த ஊரில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. வீட்டைச் சுற்றிப் பறம்பு இருந்தது. பறம்பு பிளாட் ஆனது. நகரம் பெருத்தது. 2000ஆம் ஆண்டில் மாநகராட்சி ஒரு வழி கண்டுபிடித்தது. நகரிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி, ரப்பரும் தென்னையுமாக இருந்த விளப்பில்சாலை கிராமத்தில் குப்பையை உரமாக்கும் ஆலை. நாளொன்றுக்கு 300 டன் குப்பையைக் கையாளலாம் என்றார்கள். திருவனந்தபுரத்தின் மீன் முள்ளும் சாம்பார்ச் சக்கையும் லாரி லாரியாக அங்கே போயின. நகரத்தின் தெருக்கள் சுத்தமாயின. இந்தியாவின் சுத்தமான நகரங்களில் ஒன்று என்ற பெயர்கூடக் கிடைத்தது.

ஆலைக்கு அதைச் சொல்லிக் குற்றமில்லை, சல்லடைக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. உள்ளே போனது வெளியே வந்ததைவிட அதிகம். பிரிக்கப்படாத குப்பையில் பிளாஸ்டிக் கலந்து வந்தது. உரமாகாதது மலையாகக் குவிந்தது. கேரளத்து மழை அந்த மலையின் மேல் பெய்தபோது கறுப்புத் தண்ணீர் வழிந்து மீனம்பள்ளித் தோட்டில் கலந்தது. கிணறுகள் கெட்டன. ஈயும் நாற்றமும் சோற்றுத் தட்டு வரை வந்தன. விளப்பில்சாலையில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மற்ற ஊர்க்காரர்கள் தயங்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. நகரத்தின் காதில் அது விழ நாளாயிற்று.

2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்து ஆலையின் கதவைப் பூட்டியது. தலைநகரத்தின் குப்பையை ஒரு கிராமப் பஞ்சாயத்து வாங்க மறுத்துவிட்டது. மாநகராட்சி உயர் நீதிமன்றம் போனது. திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2012 பிப்ரவரி 13 அன்று போலீஸ் பாதுகாப்போடு குப்பை லாரிகள் கிளம்பின. சாலையில் ஆயிரக்கணக்கில் மக்கள். பெண்கள் நடுரோட்டில் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டார்கள். ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கலிட்டு உலகப் புகழ் பெற்ற ஊர் அது. பொங்கல் பானைகளுக்கு முன்னால் போலீஸ் தயங்கி நின்றது. தடியடி, கண்ணீர்ப் புகை, கைது எல்லாம் நடந்தன. லாரிகள் திரும்பின. அதே ஆண்டில் பிறகும் முயற்சிகள் நடந்தன. அக்டோபரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். பஞ்சாயத்துத் தலைவி ஷோபனா குமாரி உண்ணாவிரதம் இருந்தார். ஆலை திறக்கவே இல்லை.

நகரம் என்ன செய்தது? சில மாதங்களுக்கு எரித்தது. ராத்திரியில் அடுத்த தெருவில் போட்டது. கைவிடப்பட்ட பாறைக் குவாரிகளில் கொட்டலாம் என்று பேச்சு எழுந்தது, குவாரிக்குப் பக்கத்து ஊர்களும் விளப்பில்சாலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன. லாரி மேல் ஏற்றிய நடமாடும் எரிஉலை ஒன்றுகூட வரவழைக்கப்பட்டது. ஆர்ப்பாட்டமாக வந்தது, கொஞ்ச காலம் ஓடியது, ஓரங்கட்டப்பட்டது.

கடைசியில் எல்லா வழியும் அடைபட்ட பிறகு, குப்பை பிறந்த வீட்டுக்கே திரும்பியது. அப்போது மேயராக இருந்த சந்திரிகாவின் காலத்திலும், 2015இல் வந்த பிரசாந்தின் காலத்திலும் மாநகராட்சி வீட்டுக்கு வீடு குழாய்க் கம்போஸ்ட், சாண எரிவாயுக் கலன் மாதிரியான சின்னக் கலன்கள், 'கிச்சன் பின்' என்று விநியோகித்தது. கிச்சன் பின் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் வாளிகள். சமையல் கழிவின் மேல் நுண்ணுயிர் கலந்த தென்னை நார்த் தூளைத் தூவி மூடினால் சில வாரங்களில் உரம். வசதி இல்லாதவர்களுக்கு வார்டு தோறும் பொதுக் கொட்டகை. அங்கே வைத்திருப்பது திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணையில் உருவான முறை. நான்கடி நீள அகல உயரத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டி. அடியில் பசுஞ்சாணம், அதன்மேல் காய்ந்த இலை, அதன்மேல் கழிவு, மறுபடி சாணம். கிளறவே வேண்டாம். உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். 90 நாளில் உரம் தயார்.

நாற்றமே இருக்காது என்பதுதான் இந்தப் பெட்டியின் பெருமை. அது உண்மையும்கூட, சொன்னபடி செய்தால். காய்ந்த இலை காற்றுக்கு இடம் விடுகிறது. காற்று இருந்தால் மணமில்லாமல் மட்கும். இலையைக் குறைத்து ஈரக் கழிவை அமுக்கினால் காற்றில்லாத பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும், முட்டை அழுகின நாற்றம் கிளம்பும். அடைத்துக்கொண்ட டிஷ்வாஷர் குழியில் நடப்பதும் இதேதான். பல வீடுகளில் கிச்சன் பின் ஒரு மாதத்தில் பூந்தொட்டியாக மாறியதற்குக் காரணம் நார்த் தூள் வாங்க மறந்ததுதான்.

இந்தப் பாதையில் திருவனந்தபுரத்துக்கு முன்னோடி ஆலப்புழை. அங்கேயும் ஒரு கிராமம் குப்பை லாரியை மறித்தது, அங்கேயும் பெட்டிகள் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் ஐந்து முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைச் சொன்னது. எதிர்ப் பாதையில் போன கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மலை 2023 மார்ச் 2 அன்று தீப்பிடித்து, பத்து நாளுக்கு மேல் நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது.

திருவனந்தபுரம் இன்னொன்றும் செய்துபார்த்தது. பேப்பர்க் கப்பையும் பிளாஸ்டிக் பூசிய தட்டையும் ஒதுக்கி, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டுக்கும் தம்ளருக்கும் திரும்பியது. 2015இல் நகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 'பசுமை நெறிமுறை' என்ற பெயரில் இது பெரிய அளவில் அமலானது. கல்யாண மண்டபங்களும் அரசு விழாக்களும் பின்தொடர்ந்தன. குப்பை குறைந்தது. கழுவவேண்டிய பாத்திரம் கூடியது. அந்தக் கழுவல் தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. முட்டத்தறையில் நாளுக்கு 10.7 கோடி லிட்டர் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013இல் வந்துவிட்டது. ஆனால் நகரத்தின் எல்லாப் பகுதிக்கும் பாதாளச் சாக்கடை போய்ச் சேரவில்லை. குழாய் இல்லாத இடங்களில் அடுப்படித் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகிறது, அல்லது யாரும் பார்க்காத நேரத்தில் மழைநீர் ஓடையில் விழுகிறது.

குப்பைக்கும் இப்படி யாரும் பார்க்காத நேரங்கள் உண்டு. ஓட்டல் கழிவைப் பன்றிப் பண்ணைக்கு என்று சொல்லி எடுத்துச் செல்லும் வண்டிகள் பாதி வழியில் பாரத்தை இறக்கிவிட்டுப் போவது பழைய கதை. பாரம் எல்லை தாண்டுவதும் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே கொடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர் பக்கங்களில் கிடந்த மூட்டைகளைப் பிரித்தபோது திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் காகிதங்கள் வந்தன. பசுமைத் தீர்ப்பாயம் கேட்ட கேள்வியில் கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். விளப்பில்சாலை செய்ததை நெல்லைக் கிராமங்களும் செய்தன, கொஞ்சம் தாமதமாக.

மற்றதெல்லாம் ஆமையிழஞ்சானுக்கு. நகரின் நடுவே ஓடி ஆக்குளம் ஏரியில் சேரும் இந்தத் தோடு தம்பானூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கும் அதிகமான சுரங்கத்தில் நுழைந்து வெளியே வருகிறது. மழை பெய்தால் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மிதப்பதற்குக் காரணம் இங்கே விழும் அடைப்பு. 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் மாவட்ட நிர்வாகம் ஆக்கிரமிப்புகளை இடித்து ஓடைகளைத் தூர்வாரியது. கொஞ்ச காலம் தண்ணீர் ஓடியது. பிறகு பழையபடி பிளாஸ்டிக் மூட்டையும் சமையல் கழிவும் மிதந்து வந்து சுரங்கத்தின் வாயில் மெத்தை போல அடைத்தன. அதன்மேல் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் என்னும் அளவுக்கு.

2024 ஜூலை 13, சனிக்கிழமை. அந்த அடைப்பை எடுக்க ரயில்வேயின் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளிகளில் ஒருவர் உள்ளே இறங்கியிருந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். மழை வலுத்தது. தண்ணீர் ஏறியது. மேலே இருந்தவர்கள் கரையேறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுரங்கத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்.

தீயணைப்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கினார்கள். கண்ணுக்கு ஒரு சாண் தெரியாத கறுப்புத் தண்ணீர், மேலே தண்டவாளம், முன்னால் குப்பைச் சுவர். கையால் பிய்த்துப் பிய்த்து முன்னேற வேண்டியிருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கடற்படை வந்தது. திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று கேமரா பொருத்திய ரோபோக்களை அனுப்பியது. சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கக்கூடாது என்பதற்காக 2018இல் இதே நகரத்தில் அறிமுகமான 'பாண்டிகூட்' ரோபோவைச் செய்தவர்கள்தான் அவர்கள். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் சிக்கிய இரண்டு தொழிலாளிகளையும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ டிரைவரையும் பறிகொடுத்த சம்பவம் அந்த இளைஞர்களை இந்தப் பக்கம் திருப்பியது. தெருவோர மூடிக்குள் இறங்கும் ரோபோவுக்குச் சுரங்கத்தின் குப்பை மெத்தை புதிது. சிக்கியதை வாரி எடுக்க மறுபடி மனிதக் கைகளே தேவைப்பட்டன.

தேடல் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தத் தோட்டுக்கு யார் பொறுப்பு என்ற சண்டையும் ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு அடியில் இருப்பதால் ரயில்வேயின் வேலை என்றது மாநகராட்சி. குப்பை நகரத்திலிருந்து வருவதால் மாநகராட்சியின் வேலை என்றது ரயில்வே. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஜூலை 15 காலை, சுரங்கத்திலிருந்து சுமார் ஒரு கி.மீ. தள்ளி, தகரப்பறம்பில் உடல் தானாக மிதந்து வந்தது. குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது.

அதற்குப் பிறகு தோட்டின் கரையில் கம்பி வலை, கேமரா, ராத்திரி ரோந்து, அபராதம் எல்லாம் வந்தன. மூட்டை வீசியவர்கள் பிடிபட்டார்கள். பிடிபட்ட மூட்டைகளில் இருந்ததில் பெரும்பகுதி வீட்டு அடுப்படியிலிருந்தும் ஓட்டல் அடுப்படியிலிருந்தும் வந்தது: பிரியாணிச் சோறு, மீன் தலை, கறிவேப்பிலை. பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிச்சுப் போட்டு, வெளியே நாற்றம் வராதபடி.